சிறுவாட்டுக் கணக்கு

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். "இதெல்லாம் ஒரு வாழ்க்கையா சார்? தெற்கே விளாத்திகுளம் பக்கம் ரெண்டு ஏக்கர் கரிசல் வாங்கிப் போடணும். பத்து நாட்டுக்கோழி, ஒரு பசுமாடு, வீட்டைச் சுற்றிக் காய்கறி, மண்பானையில் கம்மங்கஞ்சி. ராஜா மாதிரி இருக்கலாம்" என்பார். கேட்கிற நமக்கும் நாக்கில் எச்சில் ஊறும். 2020-ல் ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்ததிலிருந்து இந்தக் கனவுக்கு மவுசு கூடிவிட்டது. மொட்டை மாடியில் கத்தரிச் செடி வைத்தவர்கள், அடுத்தபடியாக மொட்டைக் காட்டையே வாங்கிவிடத் துடிக்கிறார்கள். அம்மியில் அரைத்து மண்சட்டியில் கொதிக்கவிடும் வீடியோக்கள் அந்தத் துடிப்புக்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

நல்ல கனவுதான். நான் குறுக்கே விழப் போவதில்லை. ஆனால் படித்தது பி.காம். யார் எந்தக் கனவைச் சொன்னாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று கை தானாகவே இரண்டு பத்தி கோடு கிழிக்கும். அதனால் ஒரு யோசனை. பத்திரப் பதிவு ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு புத்தகக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். கரிசல் மண்ணைப் பற்றி எழுதப்பட்ட நாலைந்து புத்தகங்கள் இருக்கின்றன. நில புரோக்கர் சொல்லாததையெல்லாம் அவை சொல்லும்.

என்ன சிக்கல் என்றால், அந்தப் புத்தகங்களை நாம் படிக்கிற விதமே சரியில்லை. கி. ராஜநாராயணனா? 'மண்வாசனை.' பூமணியா? 'மண்வாசனை.' சோ. தர்மனா? அதே. தமிழ் மதிப்புரைகளில் இந்த ஒரு வார்த்தையை ஐந்து வருஷத்துக்குத் தடை செய்தால் நம் இலக்கியத்துக்குப் பெரிய உபகாரம். ஊறுகாய் விளம்பரத்துக்கும் நாவல் மதிப்புரைக்கும் ஒரே வார்த்தை என்றால், ஏதோ ஒன்றை நாம் சரியாகச் சுவைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மண்ணை மோந்து பார்த்தோம், சரி. அதில் யார் வேலை பார்த்தது, யாருக்கு என்ன கூலி கிடைத்தது, ராத்திரி யார் பட்டினி கிடந்தது? இதெல்லாமும் அந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. நாம்தான் தாண்டிப் போகிறோம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். விளாத்திகுளம் தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாற்றின் கரையில் இருக்கிறது. ஆறு என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல்தான். மேற்கே எட்டயபுரம், அதைத் தாண்டிக் கோவில்பட்டி. கிழக்கே வேம்பார், வைப்பார் என்று கடற்கரை. நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு மண். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் உண்டு. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும். இந்தப் பக்கத்தில் மழையை நம்பின நிலத்துக்குக் 'காடு' என்று பேர். கிணறு இருந்தால்தான் அது 'தோட்டம்'. "காட்டுக்குப் போறேன்" என்று ஒருத்தர் சொன்னால் புலி வேட்டைக்கு என்று நினைக்காதீர்கள், களையெடுக்கப் போகிறார். நீங்கள் வாங்க நினைக்கிற ரெண்டு ஏக்கர் காடா, தோட்டமா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது கோழிக்கு வருவோம்.

நாட்டுக்கோழி பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில் மிதக்கும்போதுதான். அது வருஷத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை போட்டாலே அதிகம். நாமக்கல் பண்ணைக் கோழி முந்நூறு போடுகிறது. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் "போதும்ப்பா" என்று அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தோரு நாள். அதன் பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலையும். பருந்து ஒன்றைத் தூக்கும், கீரி ஒன்றைக் கவ்வும், பூனை பங்கு கேட்கும். மிச்சத்தை வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும். 1927-ல் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் அடையாளம் காணப்பட்டு, அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட நோய் அது. அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். அது இல்லாத காலத்தில், சாயங்காலம் பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழி காலையில் உயிரோடு இருந்தால் அன்றைக்கு லாபம்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடலாம். ஐந்து கோழி, ஆளுக்கு அறுபது முட்டை. மொத்தம் முந்நூறு. அதில் அடைக்கு அறுபது கழித்தால் இருநூற்று நாற்பது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருத்தருக்கு வாரத்துக்கு ஒரு முட்டையைத் தாண்டிக் கொஞ்சம். அவ்வளவுதான். 'தினமும் வீட்டு முட்டை' என்பது கணக்கிலேயே உதைக்கிறது.

அப்படியானால் ஏன் வீட்டுக்கு வீடு கோழி வளர்த்தார்கள்? இங்கேதான் ஒரு அருமையான வார்த்தை வருகிறது: சிறுவாடு. வீட்டுப் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்து வைக்கிற காசு. நெல் விற்ற பணம், பருத்தி விற்ற பணம், மாடு விற்ற பணம் எல்லாம் ஆம்பளை மடியில் போய் உட்கார்ந்துவிடும். கோழியும் முட்டையும் மட்டும் பொம்பளை சொத்து. முட்டையைத் தின்றால் சிறுவாடு எப்படிச் சேரும்? அதனால் விற்றார்கள். மகளுக்குக் கண்ணாடி வளையல், மகனுக்குப் பள்ளிக்கூட நோட்டு, திருவிழாவுக்கு ரிப்பன், ஆத்திர அவசரத்துக்கு வைத்தியம் எல்லாம் அதிலிருந்துதான். கோழி வாங்கக் காசில்லாதவள் பக்கத்து வீட்டுக் கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். தீனியும் காவலும் இவள் பொறுப்பு, குஞ்சுகளில் பாதி இவளுக்கு. பத்திரம் இல்லாத கூட்டு வியாபாரம். கல்லூரியில் எனக்குக் கூட்டு வணிகச் சட்டம் நடத்தியவர்கள் இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால் பாடம் இன்னும் சுலபமாகப் புரிந்திருக்கும்.

ஆக, புறக்கடைக் கோழி என்பது ஆரோக்கிய உணவு இயக்கம் இல்லை. அது ஒரு பெண்ணின் பேங்க். கிராமத்து ஏழைப் பெண்களின் பெயரில் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களைத் தமிழக அரசு நடத்தியிருக்கிறதே, அந்த விவரம் புரிந்தவர் யாரோ அங்கே இருந்திருக்க வேண்டும்.

அடுத்து அடுப்படி. கம்மங்கஞ்சி என்று சொல்லும்போதே தொண்டையில் இறங்குகிற குளுமையை நான் மறுக்கவில்லை. சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சுட்ட கருவாடு, கானத் துவையல் என்று தொட்டுக்க இருந்தால் இரண்டு சொம்பு உள்ளே போகும். ஆனால் அந்தச் சொம்புக்கு முன்னால் என்ன நடந்தது? கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் போட்டுக் குத்தி, உமி போகப் புடைத்து, மறுபடி இடித்துக் குருணையாக்கி, உலையில் போட்டு அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். குதிரைவாலி இன்னும் பிடிவாதக்காரி, லேசில் உமியை விடமாட்டாள். இத்தனைக்கும் முன்னால் தண்ணீர் சுமந்து வர வேண்டும். கரிசலில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீருக்கு ஊருணி வரை நடை. இவ்வளவும் முடித்துவிட்டு அவளும் களையெடுக்கக் காட்டுக்குப் போகணும்.

வீடியோவில் இதெல்லாம் வராது. வந்தாலும் மூன்று விநாடி. கேமராவுக்குக் கொதிக்கிற குழம்புதான் பிடிக்கும். குத்துகிற தோள்வலி படத்தில் விழாது.

கி.ரா.வின் 'கன்னிமை' கதையை இந்த இடத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். நாச்சியாரம்மா என்று ஒரு பெண். பிறந்த வீட்டில் அவள் அன்னபூரணி. வேலையாட்களுக்கும் வருகிறவர் போகிறவருக்கும் முகம் கோணாமல் அள்ளிக் கொடுக்கிறாள். கல்யாணமாகி, குழந்தைகளும் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை சுருங்குகிறது. கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். கதையின் ஒரு பாதியை உடன்பிறந்தவன் சொல்கிறான், மறுபாதியைக் கணவன் சொல்கிறான். அந்தப் பழைய நாச்சியாரம்மா எங்கே போனாள் என்று இரண்டு பேருக்குமே ஆற்றாமை. படித்த எல்லோருக்கும் கண் கலங்கும். தமிழின் நல்ல சிறுகதைகளில் ஒன்று. சந்தேகமே இல்லை.

வழக்கமாக இந்தக் கதையை, கன்னிப் பருவத்தின் கள்ளமில்லாத தாராளம் குடும்ப வாழ்க்கையில் தேய்ந்து போவதைச் சொல்லும் கதை என்பார்கள். நான் கணக்குப் பிள்ளை புத்தியோடு படிக்கிறேன். பிறந்த வீட்டில் அவள் அள்ளிக் கொடுத்தது அப்பாவின் குலுக்கையிலிருந்து. அந்தத் தானியம் அடுத்த அறுவடை வரை வருமா என்று கவலைப்பட வேண்டியவள் அவள் இல்லை. கணவன் வீட்டிலோ குலுக்கையின் அடி தெரிவது முதலில் அவள் கண்ணுக்குத்தான். மானாவாரி பூமி. ஒரு மழை தப்பினால் குழந்தைகள் வாயில் மண். அப்படிப்பட்ட வீட்டில் கணக்குப் பார்க்காத பெண் அன்னபூரணி இல்லை, பொறுப்பில்லாதவள். தாராளம் என்பது குணம் மட்டுமில்லை, இருப்பும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதை சொல்கிற பொறுப்பு இரண்டு ஆண்களிடம் இருக்கிறது. நாச்சியாரம்மாவின் தரப்பு எதுவென்று அவள் வாயால் நமக்குக் கேட்கக் கிடைப்பதில்லை. அவளையே சொல்லவிட்டிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும். கி.ரா. அதைத் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? தெரிந்தேதான் என்பது என் கட்சி. அந்த இரண்டு பேர் புலம்புகிற அழகிலேயே, சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவனுக்கும் பரிமாறுகிறவளுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரிந்துவிடுகிறது. ஆனால் நாம் அந்த ஆண்களோடு சேர்ந்து பெருமூச்சு விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்த டிபன் பாக்ஸ் நண்பரின் பெருமூச்சும் அதே ஜாதிதான். நாச்சியாரம்மாவின் கஞ்சி வேண்டும், அவள் கணக்கு வேண்டாம்.

'கதவு' கதை இன்னும் கடுமை. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வீட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடும் குழந்தைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா பிழைக்க மணிமுத்தாறு போனவர், தகவலே இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போகிறாள். கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை செத்துப் போகிறது.

இதில் தற்சார்பு வாழ்க்கை பற்றிய மிகப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. சோற்றை நீங்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரசாங்கம் தீர்வையைக் கத்தரிக்காயாக வாங்கிக்கொள்ளாது. காசாகத்தான் கேட்கும். டாக்டரும் பள்ளிக்கூடமும் மண்ணெண்ணெய்க் கடையும் அப்படியே. 'எல்லாமே வீட்டிலேயே விளைந்தது' என்று நாம் நினைக்கிற அந்தக் காலத்திலும் உப்பும் கருவாடும் கடற்கரையிலிருந்து வந்தன, கருப்பட்டி வேம்பார்ப் பக்கமிருந்து வந்தது. தவசத்தைக் கொடுத்து மற்றதை வாங்கினார்கள். தவசம் இல்லாத வருஷம் கதவைக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒருத்தர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஹென்றி டேவிட் தோரோ. 1845-ல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் இரண்டு மாசம் இருந்தார். வீடு கட்ட ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணிக் காசு உட்பட எழுதி வைத்திருக்கிறார். அவரை எனக்குப் பிடிக்கக் காரணமே அந்தப் பட்டியல்தான். ஆனால் குடிசையிலிருந்து அம்மா வீடு நடந்து போகிற தூரம். சாப்பிடப் போய்வருவார். துணிகூட அங்கேதான் வெளுக்கப்பட்டது என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அம்மா சமைத்த சோறு அவருடைய பேரேட்டில் இல்லை. எந்த நாட்டு எளிய வாழ்க்கையாக இருந்தாலும் அந்த ஒரு வரவைப் பற்று வைக்க மறந்துவிடுகிறார்கள்.

சரி, வீட்டுக்குள்ளே இருக்கிறவர்கள் பாடு இது. வீட்டுக்கு வெளியே நின்றவர்கள்?

பூமணியின் 'பிறகு' நாவலில் அழகிரி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி வருகிறார். 1979-ல் வந்த புத்தகம். கிணற்றுத் தண்ணீரை மாடு கட்டிக் கமலையில் இறைத்த காலம். கமலைக்குத் தோல் வேண்டும், தோலைத் தைக்க அழகிரி மாதிரி ஒருத்தர் வேண்டும். அதாவது, ஊரில் பச்சைப்பசேல் என்று நிற்கிற ஒவ்வொரு தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்வது அப்படிப்பட்டவர் கைவேலையால். அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் கிடையாது. தானியம் வேண்டுமானால் அடுத்தவர் களத்தில் போய் நிற்க வேண்டும்.

கொஞ்சம் மேற்கே, விருதுநகர் மாவட்டத்திலிருந்து பாமா எழுதிய 'கருக்கு' 1992-ல் வந்தது. அதில் அவருடைய பாட்டி, நிலக்காரர் வீட்டில் வேலை பார்த்துவிட்டு அங்கே மிஞ்சின சோற்றையும் குழம்பையும் வாங்கிக்கொண்டு வருகிற பகுதி இருக்கிறது. நாம் கி.ரா.வோடு திண்ணையில் உட்கார்ந்து ருசித்த அதே சமையல்தான். பாமா அதைக் கொல்லைப்புறத்திலிருந்து காட்டுகிறார். பாட்டிக்கு அதில் குறை இல்லை, பேத்திக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. பாரம்பரியச் சமையல் என்று புத்தகம் போடுகிறவர்கள் ஒவ்வொருவரும், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. வெற்றிமாறன் இதை வைத்துத்தான் 2019-ல் 'அசுரன்' எடுத்தார். படத்தில் வெட்டுக்குத்து அதிகம். நாவலில் அதைவிட அதிகம் சாப்பாடு. நிலத் தகராறில் அண்ணன் கொல்லப்பட, பழிவாங்கிவிட்டுத் தப்பிக்கும் சிறுவனும் அவன் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பறித்து, கிடைத்த இடத்தில் பொங்கித் தின்கிறார்கள். எந்தச் செடி, எந்தக் கிணறு, எந்த மறைவு என்று அவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று இதையும் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஞானம் எதற்குப் பயன்படுகிறது பாருங்கள். சொந்த நிலத்தில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்கள், உயிர் பிழைக்க அதைக் கையில் எடுக்கிறார்கள். மூன்று வேளைச் சோற்றைப் பதற்றத்தோடு எழுத முடியும் என்று காட்டியதற்காகவே பூமணியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சோ. தர்மனின் 'சூல்' இதற்கு நேர் எதிர்ப் பக்கம். 2019-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கிய நாவல். உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி ஒரு கிராமமே கைகோத்து வாழ்ந்த விதத்தையும், சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கண்மாய் நாதியற்றுப் போனதையும் சொல்கிறது. நீரையும் மீனையும் மரத்தையும் மடையைக் காத்தவரையும் இவ்வளவு பிரியமாக எழுதிய நாவல்கள் குறைவு. கண்மாயை அரசாங்கத்தின் சொத்தாக்கியதும் ஊர் அதைக் கைகழுவியது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாவலின் பழைய ஊரில் எல்லாம் வரவாகவே இருக்கிறது. பற்றுப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளைத் தாள். அவரவர் இடத்தில் அவரவர் சந்தோஷமாக இருந்தார்கள் என்றால், அந்த இடத்தை ஒதுக்கியது யார் என்று கேட்காமல் விட முடியாது. 'பிறகு' படித்த கையோடு 'சூல்' படித்தால் இந்த உறுத்தல் இன்னும் கூடும். இரண்டையும் படியுங்கள். ஒன்று மட்டும் போதாது.

இத்தனையும் கற்பனைக் கதைதானே என்று ஒருவர் கேட்கலாம். கதையில்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். கம்பும் குதிரைவாலியும் நாட்டு முட்டையும் பாலும் மோருமாக எல்லா வீடுகளிலும் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த சொர்க்கமாக இருந்தால், பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் சோறு போட வேண்டிய அவசியம் என்ன? பிள்ளைகள் பசியோடு வந்தார்கள், அல்லது பசியால் வராமலே இருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நெல்லுச்சோறு என்பது அந்தப் பக்கத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று இருந்ததை மாற்றியது ரேஷன் கடை. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம் என்று அரிசி வந்தது. அதே வருஷம் மிக்ஸி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். நகரத்து டீக்கடைகளில் நாம் 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று அலுத்துக்கொண்டோம். உரலும் அம்மியும் தள்ளிய தலைமுறைகளின் கூலி பாக்கியில் ஒரு சின்னத் தவணை என்று அதைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். கம்பு போய் அரிசி வந்ததில் உடம்புக்கு நஷ்டம் உண்டு, சர்க்கரை வியாதி உண்டு, எல்லாம் சரி. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் நல்லதுதான். ஆனால் அரிசியைத் தேர்ந்தெடுத்த அந்தப் பெண்ணைப் 'பாரம்பரியத்தை மறந்தவள்' என்று திட்டுவதற்கு முன், நீங்கள் ஒரு மரக்கால் குதிரைவாலியை உரலில் குத்திவிட்டு வந்து பேசுங்கள்.

அப்படியென்றால் விளாத்திகுளம் கனவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. இந்தப் புத்தகங்கள் அப்படிச் சொல்லவில்லை.

கி.ரா. வெறும் நோஸ்டால்ஜியாக்காரர் இல்லை. இடைசெவலில் விவசாயியாக இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் எழுத வந்தவர். விவசாயிகள் போராட்டத்தில் நின்றவர். 1982-லேயே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதி, பட்டணத்துக்காரனுக்கும் அந்த மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார். 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு நடந்தது. விவசாயிக்கு அவர் பக்கத்தில் பெயர் 'சம்சாரி'. குடும்பஸ்தன் என்றும் அர்த்தம், உழுகிறவன் என்றும் அர்த்தம். குடும்பம் முழுக்க உழைக்காமல் விவசாயம் இல்லை என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவரிடம் எனக்கு ஒரே மனக்குறை. அவர் குரல் அவ்வளவு இனிமை. பட்டினியைச் சொன்னாலும் பந்தி போட்ட மாதிரி கேட்கிறது. அது அவர் தப்பா, கேட்கிற நம் காதின் தப்பா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

நம்மாழ்வாரையும் நினைத்துக்கொள்ளலாம். 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். வானம் பார்த்த பூமிக்காரனுக்குச் செலவு வைக்கிற ஆராய்ச்சி எதற்கு உதவும் என்று கேட்டு, வேலையை விட்டு வெளியே வந்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிலம் வாங்கப் போகிறவர்கள் அந்த முதல் கேள்வியை மறந்துவிடக் கூடாது. அது பழமையைப் பற்றிய கேள்வி இல்லை. செலவு யாருக்கு, வரவு யாருக்கு என்ற கேள்வி.

எனவே, போங்கள். கோழி வளருங்கள், தடுப்பூசி போடுங்கள். வேலியில் பீர்க்கும் சுரையும் படரட்டும், அவரைக்காய் தை மாசம் குலை தள்ளட்டும். உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு பத்தி கோடு போட்டு வையுங்கள். முட்டை, காய், பால் என்று வரவை எழுதும்போதே, அதிகாலையில் யார் எழுந்தது, தண்ணீர் யார் சுமந்தது, அடுப்படியில் எத்தனை மணி நேரம் யார் நின்றது என்றும் எழுதுங்கள். களையெடுக்க வந்தவருக்கு என்ன கூலி, அவர் உங்கள் வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதும் அந்த நோட்டில் இருக்கட்டும். 'நம்ம வீட்டுச் சாப்பாடு' என்று சொல்கிற வாய்க்கு, 'நம்ம' என்பதில் யார் யார் அடக்கம் என்று ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும்.

முட்டை விற்ற காசை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம். அது வீட்டம்மா சிறுவாடு. கணக்குக் கேட்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது.